இறங்காமல் வைத்த பெயர்

போட்டாதாங், யாங்கூன்
18 ஜூலை 2025, வெள்ளி

தம்பி யாசருக்கு,

உன் லாத்தா சைதாவின் ஸலாம். கோபத்தில் இருக்கிறேன். ஆனாலும் ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்க வாப்பா நம்மைப் பழக்கவில்லை.

மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்று தடவையும் கல்யாணப் பேச்சை எடுத்தவுடன், "லாத்தா, சிக்னல் போவுது" என்று வைத்துவிட்டாய். அந்தச் சிக்னலுக்கு என் கல்யாணத்தின் மேல் அப்படி என்ன பகை? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிக்கிறவனும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிழிப்பான். உன் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் இருக்கும் மா தீரி நல்ல பெண். கப்பல் காகிதங்கள் போகிற பையிலேயே இதையும் போட்டுவிடுகிறேன் என்றாள். மூன்று வாரத்தில் உன் கைக்கு வருமாம். பதிலையும் அதே பையில் போடு.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு வயது நாற்பத்து நான்கு. வாப்பாவையும் உம்மாவையும் கடைசிவரை பார்த்தேன், கயிற்றுக் கடையைப் பார்த்தேன், உன்னைக் கப்பல் படிப்புப் படிக்க வைத்தேன். இத்தனை நாள் என்னை யாரும் பெண் கேட்கவில்லை, நானும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. இப்போது கோ அய்யூப் கேட்கிறார். ஐம்பது வயது. மனைவி இறந்து ஆறு வருஷம். இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நம் கடை ஜெனரேட்டரைச் சரிபண்ண மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது ஜெனரேட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

நிக்காஹ் நவம்பர் 28, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி, ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால். வாப்பா இல்லாததால் எனக்கு வலீ, அதாவது என்னைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளன், நீதான். உன் மூக்கைச் சிந்திவிட்டவள் நான், எனக்குச் சம்மதம் தர வேண்டியவன் நீ. மார்க்கம் அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய! நீ நேரில் வர முடியாது. உனக்குப் பதிலாக இமாம் நிற்கலாம் என்று ஒரு வக்காலத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று ஜமாஅத்தில் கேட்டேன். காரணம் இல்லாமல் மறுத்தால் இமாமே பொறுப்பேற்று நடத்தி வைப்பாராம். ஆக, கல்யாணம் நின்றுவிடாது. ஆனால் கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்க, ஆளில்லாத அநாதையைப் போல அந்தச் சபையில் உட்கார எனக்கு மனசில்லை. எனக்கு நீ வேண்டும்.

மார்ச்சில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் இன்சீனில் அவரைப் பார்க்கப் போய்விட்டு வந்து, "பாத்துட்டேன் லாத்தா, நமக்குச் சரிப்படாது" என்று ஒரே வரியில் முடித்தாய். என்ன பார்த்தாய்? அதை எழுது.

சைதா


ஹாவோ தீவு, துவாமோத்துத் தீவுக்கூட்டம்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு யாசரின் ஸலாம்.

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

கப்பல் இங்கே நங்கூரம் போட்டு நாற்பது நாள் ஆகிறது. மெயின் என்ஜினில் ஒரு பேரிங் உருகிவிட்டது. புதியது நியூசிலாந்திலிருந்து வர வேண்டும். இரண்டாம் என்ஜினியரான எனக்கு இப்போது வேலையே காத்திருப்பதுதான்.

லாத்தா, பதினாறு வருஷமாகக் கடலில் இருக்கிறேன், இப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் இங்கே எரிமலை இருந்ததாம். அதைச் சுற்றிக் கரையோரமாகப் பவழப்பூச்சிகள் வேலி கட்டின. மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் இறங்கியது, பூச்சிகள் விடாமல் மேலே மேலே கட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் மலை முழுதாக முங்கிப்போய் வேலி மட்டும் மிச்சம். அந்த வேலியின் மேல்தான் ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்! நீளம் ஐம்பது கிலோமீட்டர். அகலமோ பல இடங்களில் நம் தெருவின் நீளம்கூடத் தேறாது. ஒரு பக்கம் பசிபிக் அலை வந்து இடிக்கிறது, மறு பக்கம் உள்கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. முதல் நாள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஸுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

ஆறு கிடையாது, குன்று கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். இதைப் போல எழுபதுக்கு மேற்பட்ட தீவுகள், யாங்கூனிலிருந்து சென்னை எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. எல்லா நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் யாங்கூனைவிடக் கொஞ்சம் பெரிய நகரம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். நாங்கள் ஏற்றிவந்த சரக்கு கருங்கல் ஜல்லி. புயலுக்கு ஒதுங்கக் கட்டடம் கட்டுகிறார்களாம். இங்கே கடை வைத்திருக்கும் வாயிஹேரே என்ற பெண்மணி சொன்னார்: அவருடைய அம்மா முதன்முதலில் தாஹித்திக்குப் போனபோது மலையைப் பார்த்துப் பயந்து, அது விழுந்துவிடும் என்று அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே இல்லையாம்.

அவர் கடைச் சுவரில் பழைய வரைபடங்களின் நகல்களை ஒட்டி வைத்திருக்கிறார். 1768இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் தலைவன் தூரத்திலிருந்து இந்தத் தீவின் வளைவைப் பார்த்து 'யாழ்த் தீவு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வருஷம் ஓர் ஆங்கிலேயன் அதே வளைவைப் பார்த்து 'வில் தீவு' என்றான். இரண்டு பேரும் இறங்கவில்லை. இதற்கு ஹாவோ என்று ஏற்கெனவே பெயர் இருந்ததை அவர்களிடம் சொல்லவும் ஆள் இல்லை. வடக்கே இருக்கிற தீவுகளின் கதை இன்னும் மோசம். 1765இல் வேறொரு ஆங்கிலேயன் நங்கூரம் போட இடம் கிடைக்காமல், கரையில் ஈட்டியோடு நின்றவர்களைப் பார்த்துவிட்டு, 'ஏமாற்றத் தீவுகள்' என்று பெயர் வைத்துத் திரும்பினான். இன்றைக்கும் வரைபடத்தில் அதே பெயர்தான்! இருநூற்று அறுபது வருஷமாக அங்கே பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் எவனோ ஒருவனுடைய ஏமாற்றத்தில் பிறக்கிறது. இறங்கி ஓர் இளநீர் குடித்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பான். அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு 1842இல் பாதுகாப்புத் தருகிறோம் என்று பிரான்ஸ் வந்தது. 1880இல் எல்லாம் எங்களுடையது என்றது. இன்றும் போஸ்ட் ஆபீஸில் அந்தக் கொடிதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த மனிதருக்கு என்ன ஊர்? பாட்டனார் எந்தக் கரையிலிருந்து வந்தார் என்றே தெரியாது. பாட்டி பர்மியப் பெண். வாப்பா இருந்திருந்தால் முதல் கேள்வியே ஊர் எது என்பதுதான். நான் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். கோபிக்காதீர்கள்.

யாசர்


போட்டாதாங்
2 செப்டம்பர் 2025

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டு படித்தேன். பக்கத்துக் கடைப் பரீதாவுக்கும் படித்துக் காட்டினேன். மலை முங்கிப்போக வேலி மட்டும் மிஞ்சியது என்ற இடத்தில் அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அல்லாவே, நெஜமாவா?" என்றாள். கடைசிப் பத்தியை அவளுக்குப் படிக்கவில்லை.

ஊர் கேட்கிறாய். நம் முப்பாட்டன் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தார். அந்த ஊரில் எத்தனை தெரு என்று உனக்குத் தெரியுமா? கடல் எந்தப் பக்கம் என்றாவது தெரியுமா? நீயும் போனதில்லை, நானும் போனதில்லை, வாப்பாவும் போனதில்லை. நாம் மூன்று பேருமே பார்க்காத ஊர் நமக்கு இருக்கிறது, அவருக்கு அப்படி ஒன்று இல்லை என்று குறை சொல்கிறோம்.

அது போகட்டும். நீ என்ன பார்த்தாய் என்று நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. அதனால் அய்யூபிடம் கேட்டேன். அவர் தமிழ் உனக்குத் தெரியாது, பாதி பர்மியச் சொல்லாக வரும், என் பெயருக்கும் பர்மிய வழக்கப்படி 'மா' சேர்ப்பார். ஆனால் பொய் வராது. சொல்ல மனமில்லாமல்தான் சொன்னார்.

"கார் வந்துச்சு, மா சைதா. டாக்ஸி. கண்ணாடி ஏத்தியே இருந்துச்சு. நான் போய் கேட்டைத் தொறந்தேன். அவரு என்னைப் பாத்தாரு, வீட்டைப் பாத்தாரு. கார் போயிருச்சு."

அன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து, டீயில் தோய்த்துத் தின்ன ஈச்சாக்குவே வாங்கி வைத்திருந்தாராம். சூடு ஆறாமல் இருக்கத் துணியில் சுற்றி வைத்தாராம். டீக்கு இரண்டு கோப்பை. ஒன்று அவருக்கு, ஒன்று உனக்கு. இந்த ஆறு மாதத்தில் ஒரு நாளும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நீ வந்தாய், பேசினாய், பிடிக்கவில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

இப்போது இரண்டாவது தடவை படித்ததைச் சொல்கிறேன். யாழ் என்று ஒருவன், வில் என்று ஒருவன், ஏமாற்றம் என்று ஒருவன். இருநூற்று அறுபது வருஷத்துக்கு முந்தி வந்துபோனவன்மேல் உனக்கு அவ்வளவு கோபம் வருகிறது. அவனுக்காவது நங்கூரம் போட இடம் இல்லை. உனக்கு என்ன கேடு? கேட் திறந்துதானே இருந்தது?

நீ டாக்ஸியிலிருந்து இறங்கினாயா, யாசர்?

சைதா


ஹாவோ
22 செப்டம்பர் 2025

லாத்தா,

இறங்கவில்லை.

இதை எழுதிவிட்டு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. பை நாளை மறுநாள் விமானத்தில் போகிறது, அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், நான் யாரிடமும் சொல்லாதது. ஜூனில், இங்கே வருவதற்கு முன்னால், கிழக்கே இருக்கிற ஒரு தீவிலிருந்து தெமதாங்கி என்ற சின்னத் தீவுக்கு ஜல்லி கொண்டுபோனோம். கப்பலில் நான் எப்போதும் காம்பஸைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் தொழுகைக்குக் கஃபா இருக்கிற கிப்லா பக்கம் நிற்பேன், உங்களுக்குத் தெரியும். அன்று விடியற்காலைத் தொழுகைக்குக் கணக்குப் போட்டால் கிழக்கு என்று வந்தது. தப்பு என்று திரும்பப் போட்டேன். கிழக்கேதான். பிற்பகல் அஸருக்குப் போட்டேன், மேற்கு! கப்பல் எங்கேயும் திரும்பவில்லை, ஒரே கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தது. கேப்டனின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். மக்காவில் கஃபா இருக்கிற இடத்தில் ஒரு கம்பியை நட்டு, பூமிக்குள் நேராகச் செருகினால், மறு பக்கம் அது வெளியே வருகிற இடம் தெமதாங்கிக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது. நடுக்கடல். ஒரு கல்கூட இல்லை. நாங்கள் மதியம் அதைத் தாண்டி வந்திருக்கிறோம்.

அந்த இடத்தில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிப்லாதான், லாத்தா. தூரமும் ஒரே தூரம். திசை சரியா என்று பார்த்தே பழகின எனக்கு, தப்பான திசையே இல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது உட்கார்ந்திருக்க முடியவில்லை. மேல்தளத்துக்குப் போய்ப் பின்னால் பார்த்தேன். வெறும் நீலம்தான்.

அங்கிருந்து தென்கிழக்கே அரை நாள் ஓட்டத்தில் மொருரோவா இருக்கிறது. 1966இலிருந்து முப்பது வருஷம் பிரான்ஸ் அணுகுண்டு வெடித்துப் பார்த்த இடம். அதையும் பக்கத்துத் தீவையும் சேர்த்து நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் வெடித்தார்கள். தூரத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிந்திருக்கும். குண்டு வெடித்த மேகத்துக்குள் போய்வந்த விமானங்களை இந்த ஹாவோவில்தான் இறக்கிக் கழுவினார்கள். வாயிஹேரேயின் அப்பா அந்த ராணுவத் தளத்தில் சமையல் வேலை பார்த்தவர். வாயிஹேரேயின் பாட்டன் சீனாக்காரர், பாட்டி இந்தத் தீவு, குடும்பப் பெயர் பிரெஞ்சு. "உங்க ஊர் எது?" என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுக் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். எனக்கு உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது.

ஊர் தெரியாது என்று நான் சொன்னது சாக்கு. உண்மை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் கப்பலிலிருந்து இறங்கி ஸ்ட்ராண்ட் ரோட்டைத் தாண்டும்போது நம் வீட்டு மாடியில் விளக்கு எரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். நீங்கள் இன்சீனுக்குப் போய்விட்டால் அந்த விளக்கை யார் போடுவார்கள்? டாக்ஸியில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் நினைத்தேன். அவர் கேட்டைத் திறந்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார். அதனால்தான் இறங்கவில்லை. இறங்கினால் சம்மதித்துவிடுவேன் என்று பயம்.

வக்காலத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

யாசர்


போட்டாதாங்
13 அக்டோபர் 2025

என் தங்கத் தம்பிக்கு,

படித்துவிட்டு அழுதேன். பரீதா என்னைப் பார்த்துவிட்டு அவளும் அழுதாள், என்ன விஷயம் என்று பிறகுதான் கேட்டாள்.

நீ தாண்டிவந்த அந்த இடத்தைப் பற்றி இமாமிடம் சொன்னேன். அவர் மேஜையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, மேலே ஒரு விரலும் கீழே ஒரு விரலும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அல்லாஹு அக்பர். உங்க தம்பிக்குக் குடுத்து வெச்சிருக்கு, ம்மா" என்றார்.

விளக்குப் பேச்சுக்கு நான் இப்போது பதில் சொல்லப் போவதில்லை. சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்று எழுதிவிடுவேன். அதை நீ விரும்ப மாட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆனால் வக்காலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. காலியிடத்தை நான் நிரப்ப மாட்டேன். இமாம்கூட, "பேருதானே, நீங்களே எழுதிருங்க" என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ யாருக்கு உன் லாத்தாவைக் கொடுக்கிறாய் என்று உன் கையால் எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள். என்னிடம் கேட்காதே. அய்யூபின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பட்டறையிலிருந்து வந்துவிடுவார். கரண்ட் இருந்தால் போன் எடுக்கும்.

நாள் குறைவாக இருக்கிறது என்று எனக்கும் தெரியும். பை போய்வர ஆறு வாரம். இது உன் கைக்கு வர நவம்பர் பிறந்துவிடும். நீ உடனே திருப்பினாலும் கல்யாணத்துக்கு முன் வந்து சேருமா, சேராதா, அல்லாஹ்வுக்கே வெளிச்சம். பைத்தியக்காரத்தனம் என்று பரீதா திட்டுகிறாள். இருக்கட்டும். வரவில்லை என்றால் இமாம் நடத்தி வைக்கட்டும், நான் அநாதையாகவே உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் பாதி எழுதிய சம்மதத்தோடு உட்கார மாட்டேன்.

கேட் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

உன் லாத்தா


ஹாவோ
2 நவம்பர் 2025, ஞாயிறு

லாத்தா,

பை நேற்று வந்தது. இன்று மத்தியானம், அங்கே உங்களுக்கு நாளைக் காலை, வாயிஹேரே கடையில் வைஃபை வாங்கிப் போன் பண்ணினேன். பட்டறைக்குக் கிளம்பும் நேரம் என்றார். ஆனாலும் நாற்பது நிமிஷம் பேசினோம். அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அல்லது சொல்லியிருக்க மாட்டார், எதையும் சொல்லாத மனிதராயிற்றே.

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர், "பேரிங் உருகிருச்சுன்னு மா சைதா சொன்னாங்க. எத்தனையாவது?" என்று கேட்டார். வரிசையில் நாலாவது பேரிங் என்றேன். போன தடவை மாற்றியதும் அதே நாலாவதா என்று கேட்டார். ஆமாம். "அப்போ பேரிங் மேல தப்பு இல்லைங்க. எண்ணெய் வர்ற ஓட்டையில கம்பி விட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை, லாத்தா. பதினாறு வருஷ என்ஜினியர் நான், பிரஷர் பார்த்தேன், ஃபில்டர் பார்த்தேன், அந்த ஓட்டையைப் பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு நேராகக் கப்பலுக்குப் போய் என்ஜின் அறைக்குள் இறங்கிக் கம்பியை விட்டேன். பாதிக்கு மேல் போகவில்லை. ஒரு துணித் துண்டு இறுகிப்போய்க் கிடந்தது. புதுப் பேரிங் வந்திருந்தால் அதுவும் உருகியிருக்கும், இந்தத் தடவை நடுக்கடலில்.

போனை வைப்பதற்கு முன்னால் கேட்டேன்: "உங்க வாப்பா பேரு என்னங்க?" "ஆபித். ரயில் என்ஜின்ல கரி அள்ளிப் போட்டவரு" என்றார். அதற்குமேல் தாங்காமல் போனை வைத்துவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

சமையல்காரர் கோ மியோவுக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதன்கிழமை விமானம் ஏறுகிறார். மியோவின் வீடு யாங்கூனைத் தாண்டி மாவ்பியில். யாங்கூன் வந்ததும் நேராக உங்கள் கடைக்கு வந்து கையில் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பைக்கு முன்னால் மனிதர் வந்துவிடுவார். வக்காலத்தைப் புதிதாகவே, காலமான இரண்டு வாப்பாமார் பெயருக்கும் மர்ஹூம் சேர்த்து, எழுதினேன்:

"மர்ஹூம் செய்யது மீரான் மகன் யாசர் ஆகிய நான், என் உடன்பிறந்த சகோதரி சைதாவை, அவர்களுடைய முழுச் சம்மதத்தின் பேரில், யாங்கூன் இன்சீனைச் சேர்ந்த மர்ஹூம் ஆபித் மகன் அய்யூப் அவர்களுக்கு நிக்காஹ் செய்து கொடுக்க, எனக்குப் பதிலாகப் பள்ளிவாசல் இமாம் அவர்களுக்கு வக்காலத்து அளிக்கிறேன். இது என் கையால் எழுதியது."

ஓரத்தில் இருக்கிற கறை என் கட்டைவிரல். என்ஜின் அறையிலிருந்து ஏறி வந்த கையோடு எழுதினேன், மன்னிக்கவும்.

யாசர்


ஹாவோ
27 நவம்பர் 2025, வியாழன் மாலை

லாத்தா,

கோ மியோ கொடுத்துவிட்டார் என்று மா தீரி செய்தி அனுப்பினாள். பேரிங்கும் வந்துவிட்டது. நாளை மறுநாள் கிளம்புகிறோம்.

உங்கள் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி, இங்கே வியாழக்கிழமை மாலை ஆறு மணி. இந்தக் கணக்கு ஒரு வாரமாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. லாத்தாவின் நிக்காஹ் வெள்ளிக்கிழமை, நானோ முந்தின நாளில் நிற்கிறேனே, என் கையெழுத்துக்கு ஒரு நாள் பின்னால் கிடக்கிறேனே என்று. வாயிஹேரே சிரித்தார். உலகத்துக்குத் தேதிக் கோடு போட்டவர்கள் அதை எங்கே போடுவது என்று இந்தத் தீவுக்காரர்களையா கேட்டார்கள் என்றார்.

ஐந்தரைக்கே மேல்தளத்தில் போய் நின்றேன். சூரியன் உள்கடலுக்கு அப்பால் இறங்கியது. மறு கரை கண்ணுக்குத் தெரியவில்லை, தென்னைகளின் தலை மட்டும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருந்தது. தண்ணீர் முழுக்கச் சிவப்பு. வெளியே பாறையில் அலை இடிக்கும் சத்தம், உள்ளே ஒரு சுருக்கம்கூட இல்லை. சூரியன் மறைந்ததும் எனக்குச் சட்டென்று உறைத்தது. வாப்பா வியாழக்கிழமை மக்ரிபுக்கு என்ன சொல்லுவார்? "வெள்ளி ராவு வந்திருச்சு, புள்ளைகளா, எந்திரிங்க." நமக்கு நாள் பிறப்பது மக்ரிபில்தானே! காலண்டரில் வியாழன்தான். ஆனால் எனக்கும் வெள்ளி பிறந்துவிட்டது, உங்கள் பத்தரைக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால். உங்கள் இமாம் என் பெயரைச் சொல்லி உங்களைக் கொடுத்த நேரத்தில் நான் பின்னால் இல்லை, லாத்தா. உங்கள் நாளில்தான் நின்றேன்.

மக்ரிப் தொழும்போது கப்பல் காற்றுக்கு மெல்லத் திரும்பியது. நானும் கிப்லா தவறாமல் திரும்பிக்கொண்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் துஆ கேட்டேன். பிறகு சத்தமாக அழுதேன். கேட்பதற்கு யாரும் இல்லை, இரண்டு கடல் மட்டும்தான்.

பிப்ரவரியில் வருகிறேன். முதலில் இன்சீன்.

யாசர்


இன்சீன், யாங்கூன்
20 டிசம்பர் 2025

என் வலீக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட ஆசையாக இருந்தது, கூப்பிட்டுவிட்டேன்.

நிக்காஹ் நன்றாக நடந்தது. இமாம் உன் கடிதத்தைச் சபையில் வாய்விட்டுப் படித்தார். ஆபித் என்ற பெயர் வந்தபோது அய்யூப் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெரியவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன, கறையால்ல இருக்கு?" என்றார். அய்யூப் எட்டி வாங்கி மோந்து பார்த்தார். "மெயின் என்ஜின் எண்ணெய்ங்க. மச்சான் ஓட்டையைச் சுத்தம் பண்ணிட்டாரு" என்றார். சபைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் முக்காட்டுக்குள் சிரித்து மாய்ந்தேன். அதே பெரியவர் விடாமல், "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்தார். அய்யூப் யோசிக்கவே இல்லை. "இன்சீன்" என்றார். உன் வாயிஹேரே காலால் தட்டியது எனக்கு ஞாபகம் வந்தது.

நீ வெள்ளிக்குள் நின்ற கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார். பிறகு வாசலுக்குப் போய்க் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஒருவன் எப்படி நம்மோடு நின்றான் என்கிற மாதிரி. எனக்கும் இன்னும் நம்ப முடியவில்லை.

போட்டாதாங் வீட்டுச் சாவி பரீதாவிடம் இருக்கிறது. மாலையானால் மாடியேறி விளக்கைப் போட்டுவிட்டு வருவாள். கரண்ட் இல்லாத நாளுக்கு இவர் ஒரு பேட்டரி மாட்டிக் கொடுத்திருக்கிறார். நீ ஸ்ட்ராண்ட் ரோட்டைத் தாண்டும்போது வெளிச்சம் இருக்கும். பார்த்துவிட்டு இங்கே வா.

டாக்ஸியில் வராதே, வட்ட ரயிலில் வா. ஆனால் ஒன்று. அந்த ரயிலில் உட்கார்ந்தே இருந்தால் ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு மூன்று மணி நேரத்தில் ஏறின இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். நீ செய்யக்கூடியவன்தான். இவர் இப்போதே மூன்றாவது கோப்பை ஒன்று வாங்கி வைத்துவிட்டார். இன்சீன் வந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருக்காதே.

இறங்கு.

சைதா